திரை பிடித்த பையன்கள்

பேரனுடைய பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தபோது, மேடைக்குப் பின்னாலிருந்த வகுப்பறையில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து முகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள், டப்பாவில் வருகிற, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற பூச்சு, அதற்கென்று ஒரு வாசனையும் கிடையாது, ஆனால் மூலையில் இருந்த வயதான ஒப்பனைக்காரர் ஒருவர் மட்டும் பழைய பழக்கத்தில் உள்ளங்கையில் தேங்காயெண்ணெயை ஊற்றி, அதில் வெள்ளைப் பொடியைக் குழைத்து, ராவணனாக வரப்போகிற பையனின் கன்னத்தில் இழுத்தார், அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே ஏசி ஓடிக்கொண்டிருந்த அந்த அறை என் கண்ணிலிருந்து நழுவி, செய்யாற்றுப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பின்னால், கீற்று மறைப்புக்குள், பெட்ரோமாக்ஸ் விளக்கு இரைகிற சத்தத்தில், தாத்தாவின் தொடையில் சாய்ந்துகொண்டு வேஷம் கட்டுவதைப் பார்த்திருந்த ராத்திரிகள் வந்து நின்றன.

முத்துவெள்ளையும் அரிதாரமும் எண்ணெயில் குழையும் வாசனை, வேர்வை ஊறிக் காய்ந்த வெல்வெட் சட்டையின் வாசனை, மண்ணெண்ணெய், வெற்றிலை, யாரோ சுருட்டுப் பிடித்துவிட்டுப் போன இடத்தில் தங்கிய புகை, இவை எல்லாம் சேர்ந்ததுதான் எனக்குக் கூத்து, பாட்டும் ஆட்டமும் அதற்கப்புறம் வந்தவை. கலியாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ஒரு பழைய கட்டிலின் மேல் பரப்பியிருக்கும், விளக்கு ஆடும்போதெல்லாம் கீற்றின் உட்புறத்தில் வெளிச்சப் பொட்டுகள் ஓடும், கூத்து வாத்தியார் அதற்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயில் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, கைக் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார், எழுதி முடிக்கும்வரை யாருடனும் பேச மாட்டார், முடித்த பிறகு அவரிடம் பேச எங்களுக்குத் துணிச்சல் வராது.

எங்கள் பக்கத்தில் பாரதம் வைப்பது சித்திரை, வைகாசியில், பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், ஆனால் பையன்களுக்குப் பழக்குவது மாசியிலேயே, அறுப்பு முடிந்து களத்துமேடு காலியானதும் ஆரம்பித்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு வாத்தியார் குளித்து, திருநீறு பூசி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார், வைக்கோல் சூடு இன்னும் தரையில் இருக்கும், தாத்தா பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருப்பார், அவர் கூத்தாடியவர் இல்லை, ஆனால் வாத்தியார் இருக்கிற இடத்தில் தானும் இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு வழக்கம். வருகிற பையனிடம் நீ என்ன வேஷம் கட்டுவாய் என்று வாத்தியார் கேட்டதே கிடையாது, பாட வருமா, ஆட வருமா என்றும் கேட்டதில்லை, “உக்காருடா, தாளத்தப் போடு” என்பதுதான் யார் வந்தாலும் முதல் பேச்சு, ஜால்ராவைக் கையில் கொடுத்துவிடுவார், அடுத்து பின்பாட்டு, முன்னால் நிற்கிறவர் பாடி விடுகிற கடைசி வரியை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும், அதற்கும் பிறகு திரை பிடிப்பது.

திரை பிடிப்பதைக் கூலி வேலை என்று நினைக்கக் கூடாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, துரியோதனனோ கர்ணனோ அதன் பின்னால் நின்று முதலில் கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டி, சலங்கை கட்டிய காலை மட்டும் காட்டி, திரை விருத்தம் பாடி, திரைக்குள்ளேயே ஆடி, சபை பொறுமையிழக்கிற கட்டத்தில்தான் வெளியே வந்து கிறிக்கி போட்டுச் சுழலுவார், அத்தனை நேரமும் அவருக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறவன் அந்தத் திரை பிடித்த பையன்தான், வேஷக்காரர் எந்த எழுத்தில் மூச்சு வாங்குகிறார், எந்தக் காலை ஊன்றிக்கொண்டு எந்தக் காலால் திரும்புகிறார், தொண்டை கட்டியிருந்தால் ஆர்மோனியக்காரருக்கு எப்படிக் கண்ணால் சொல்கிறார், இதெல்லாம் சபையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருஷம் திரை பிடித்தவனுக்குப் படிப்பில் பாதி முடிந்திருக்கும், அதுவரை யாரும் அவனைப் பார்த்து இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்களோடு இருந்த ஒருவனுக்குத் திக்குவாய், பள்ளிக்கூடத்தில் அவனை எழுப்பிப் படிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும், அவனை வாத்தியார் தாளத்தில் உட்கார வைத்து, மாதக்கணக்கில் அங்கேயே விட்டு, ஒருநாள் பின்பாட்டில் சேர்த்தார், பாட்டில் அவனுக்குத் திக்கவில்லை, ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை, அடுத்த வருஷம் அரிச்சந்திரா கூத்தில் லோகிதாசன் அவன்தான், வசனத்தைக் குறைத்துப் பாட்டைக் கூட்டி வைத்தார் வாத்தியார், பாம்பு கடித்து விழுந்த இடத்தில் எங்கள் ஆயா வாய்விட்டு அழுதது எனக்கு இன்னும் கேட்கிறது. இன்னொருவன் ஊரில் யார் எப்படி நடப்பார்கள், யார் எப்படிக் கடன் கேட்பார்கள் என்று செய்து காட்டுவான், கணக்கு வராது, அவன் கட்டியங்காரனாகப் போனான், சபையில் யாருக்குத் தூக்கம் வருகிறது, எந்தப் பக்கம் சலசலப்பு என்று பார்த்துக்கொண்டே பேச்சைத் திருப்புகிற வேலை அது. ஆடவும் பாடவும் வராத ஒருவன் உடைந்த கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்டுவதில் இறங்கினான், எந்தச் சில்லு எந்தச் சாய்வில் இருந்தால் விளக்கைத் திருப்பும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாடு மேய்க்கிற பையன் ஒருவன் இருந்தான், வானத்தைப் பார்த்து விடிய எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவான், கதையை இழுப்பதா குறைப்பதா என்று வாத்தியார் அவனைப் பார்த்துக் கண்ணால் கேட்பார்.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேச எனக்கு மனசில்லை. தப்பாக அடி வைத்தவனுடைய கெண்டைக்காலில் புளிய விளார் விழும், சேரிப் பிள்ளைகள் தூரத்து வரப்பில் நின்றுதான் பார்க்கலாம், பெண் பிள்ளைகளுக்கு அந்தக் களத்துமேட்டில் இடமே இல்லை. என் அக்காவுக்கு நல்ல சாரீரம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது திரௌபதி பாட்டு முழுவதையும் தனக்குள் பாடிக்கொண்டிருப்பாள், தாத்தாவுக்கும் அது தெரியும், வாத்தியாருக்கும் தெரியும், இருவருமே அதைப் பற்றிப் பேசியதில்லை.

தாத்தா தன் இளவயதில் காஞ்சிபுரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் பாய்ஸ் கம்பெனி நாடகம் பார்த்ததைக் கயிறு திரிக்கும்போதெல்லாம் சொல்லுவார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்துச் சபா தொடங்கியதும், அதில் டி.கே.எஸ். சகோதரர்கள் குழந்தைகளாகவே போய்ச் சேர்ந்ததும், அவர்களில் ஒருவரான அவ்வை சண்முகம் பின்னாளில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்று அதையெல்லாம் எழுதி வைத்ததும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை, தாத்தாவுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று, மகரக்கட்டு. பெண் வேஷம் போட்டு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த பையனுக்குத் திடீரென்று ஒரு பருவத்தில் குரல் உடைந்துவிடும், அந்தப் பையனை என்ன செய்வார்கள் என்று நான் கேட்டால், தாத்தா கயிற்றை இழுத்து முறுக்கிவிட்டு, “பொட்டிய பாத்துக்குவான், படுதா இழுப்பான், இன்னா வேல இல்ல அங்க” என்பார். வீட்டைப் பிரிந்து, அம்மா முகம் தெரியாமல், பசியோடு வளர்ந்த பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர், அதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது, ஆனாலும் குரல் போனவனுக்கும் அந்தக் கொட்டகையில் ஒரு வேலை இருந்தது என்பதும் உண்மைதான்.

நைனாவுக்குக் கும்பகோணத்துக்கு மாற்றலாகி நாங்கள் போனபோது, தெரு, வீடு, தண்ணீர் எல்லாமே வேறாக இருந்தன, ஈரச் சுவரின் வாசனை, வாசலில் சாணி தெளித்த வாசனை, வறுத்த காப்பிக்கொட்டை வாசனை, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் முற்றத்துத் தூண்களில் வெயில் சாய்வாக ஏறும் நேரத்தில் நாலு வீடு தள்ளித் தட்டுக்கழி தட்டுமனையில் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கும். நட்டுவனார் தாத்தாவுக்கு அப்போதே பார்வை மங்கிவிட்டது, மோர் சாதம் சாப்பிட்டு, ஊஞ்சலில் கொஞ்சம் கண்ணயர்ந்து, எழுந்து முகம் கழுவி, சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொண்டுதான் கழியை எடுப்பார், பிள்ளைகள் அரைமண்டியில் உட்கார்ந்து தையா தை என்று முதல் காலத்தில் தட்டினால் அவருக்குப் பார்க்க வேண்டியதில்லை, தரையில் விழுகிற பாதத்தின் சத்தத்தை வைத்தே யாருக்கு முட்டி சரியாக மடியவில்லை என்று சொல்லுவார், மூன்று காலமும் முடிகிறவரை ஊஞ்சல் பலகையில் அவர் இடது கை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்.

அங்கே ஒரு பெண், என்னைவிட ஒரு வகுப்பு மேலே, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும், அரைமண்டியில் நிற்க முடியாமல் அழுவாள், மற்றப் பெண்கள் நாட்டடவுக்குப் போன பிறகும் அவள் தட்டடவிலேயே நின்றாள், அவள் அம்மா வந்து நிறுத்திவிடட்டுமா என்று கேட்டபோது நட்டுவனார் தாத்தா சம்மதிக்கவில்லை, “இங்க வந்து எம் பக்கத்துல உக்காரும்மா” என்று தாளத்தைக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குக்கு அடி வாங்குகிறவள் அவள். அந்த வீட்டுத் திண்ணையில் அவள் போட்ட கணக்கை நான் பார்த்திருக்கிறேன், தகிட மூன்று, தகதிமி நாலு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு, ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனத்துக்கு 16 மாத்திரை, ததிங்கிணதொம் ஐந்து, அதை மூன்று தடவை வைத்தால் 15, ஆகவே ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் நேராகச் சமத்தில் போய் விழும், முழு ஆவர்த்தனம் வேண்டுமென்றால் 32, அதற்குப் பத்துப் பத்தாக மூன்று, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை மூச்சு. இதைத் தாளில் எழுதினால் அவளுக்கு வராது, கையில் வரும், வாயில் வரும், தப்பாகப் போனால் எந்த இடத்தில் தப்பியது என்று தாத்தாவுக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். பிறகு ஒருநாள், உட்கார்ந்தே பழகிய அந்தக் கணக்கு காலுக்கும் இறங்கியிருக்க வேண்டும், அவள் எழுந்து ஆடினாள், அழகாக ஆடினாள் என்று சொல்ல மாட்டேன், தப்பில்லாமல் ஆடினாள், தாத்தா கழியை ஒரு தட்டு ஓங்கித் தட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

நான் பள்ளி ஆசிரியனாகிப் பல வருஷம் கழித்து, ஒரு பயிற்சி முகாமில்தான் ஹோவர்ட் கார்ட்னர் என்ற பெயரைக் கேட்டேன். 1983-இல் அவர் எழுதிய புத்தகத்தில், அறிவு என்பது ஒரே ஒரு தராசில் நிறுக்கிற சரக்கு இல்லை, மொழி, கணக்கு, இசை, வெளியையும் உருவத்தையும் பிடிக்கிற திறன், உடலால் சிந்திப்பது, பிறரைப் படிப்பது, தன்னைப் படிப்பது என்று ஏழு வகை உண்டு என்றார், பின்னால் இயற்கையைப் படிப்பதையும் எட்டாவதாகச் சேர்த்தார். பயிற்சி தந்தவர் எட்டையும் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டபோது எனக்குக் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்த பையன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, வானம் பார்த்தவன் முகம்கூட. பிற்பாடு தேடிப் படித்ததில் ஒன்று என்னை உலுக்கியது, கார்ட்னர் பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் மூளையில் அடிபட்டவர்களோடு பல வருஷம் வேலை பார்த்தவர், பேச்சு அடியோடு போன மனிதர் பாட்டுப் பாடுவதை அங்கே பார்த்திருக்கிறார், ஒன்று போனால் எல்லாம் போவதில்லை என்பது அவருக்கு அந்த நோயாளிகளிடமிருந்துதான் உறைத்திருக்கிறது, எங்கள் திக்குவாய்ப் பையன் தாளத்தருகில் உட்கார்ந்திருந்ததும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. சிறுவயதில் பியானோ பழகியவர் கார்ட்னர், அவர் வளர்ந்த புராஜெக்ட் ஜீரோ என்ற ஆய்வுக் குழுவும், நெல்சன் குட்மன் என்ற தத்துவப் பேராசிரியர் 1967-இல் ஹார்வர்டில், கலைகளைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆராயத் தொடங்கியதுதான். அந்த எட்டும் தனித்தனியாக மூளையில் இருக்கின்றன என்பதை உளவியல்காரர்கள் பலர் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, பிள்ளையைப் பார்க்கிற பார்வையை அகலப்படுத்தியதற்காக அந்த மனிதரிடம் எனக்கு நன்றி உண்டு.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் இருந்த காலத்தில் அங்கே போயிருக்கிறேன். கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் அவர் மனைவி, ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் 2002-இல் தொடங்கி 2020 வரை நடத்தியது அது, ஏழை வீட்டுப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பையும் படிப்பார்கள், கூத்தையும் படிப்பார்கள், இரண்டும் ஒன்றையொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டார்கள். மரத்தடியில் ஒரு பெண் பிள்ளை கட்டை கட்டிக்கொண்டு நின்றாள், புஜக்கட்டையின் கனம் தோளை அழுத்த, அதைச் சுமந்துகொண்டே கிறிக்கி போட்டாள், பக்கத்தில் ஒரு பையன் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துக் கொடுத்தான், இன்னொருத்தி டோலக்கில் இருந்தாள், ஆண்கள் மட்டுமே தொட்ட கலையில் அந்தப் பெண்கள் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருந்தார்கள், எண்ணெயும் அரிதாரமும் வெயிலில் காய்கிற வாசனை அங்கும் இருந்தது. மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாடின என் அக்காவை நினைத்துக்கொண்டேன், ஊருக்குப் போனபோது அவளிடம் சொன்னேன், பெண் பிள்ளையா துரியோதனன் கட்டிச்சு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள், கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பாட்டு வந்தது, குரல் நடுங்கியது, அடிகள் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

ஆண்டுவிழா முடிந்து வீட்டுக்கு வந்த ராத்திரி, மகள் கோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினாள், வழவழப்பான தாள், வண்ண வண்ண வட்டங்கள், பேரனின் பத்து விரல் ரேகையையும் எடுத்துக் கணினியில் போட்டு, அவனுக்கு எந்த அறிவு எத்தனை சதவீதம் என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது, உடல் இயக்க அறிவு குறைவு, கணித அறிவு அதிகம், ஆகவே நடன வகுப்பை நிறுத்திவிட்டு அபாகஸில் சேர்க்கலாமா என்று அவளும் மாப்பிள்ளையும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். விரல் ரேகையைப் பார்த்து அறிவைச் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது, கார்ட்னரும் தன் கருத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு முத்திரை குத்தாதீர்கள், இது கற்கும் பாணி இல்லை என்று பலமுறை எழுதியிருக்கிறார், இதையெல்லாம் மகளிடம் பொறுமையாகச் சொன்னேன், பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று கவலைப்பட்டுத்தான் அவள் காசு கொடுத்திருக்கிறாள், அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு எந்த நியாயமும் இல்லை.

பேரனுடைய நடன வகுப்பையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன், குடியிருப்பின் பொதுக்கூடத்தில், வெள்ளை விளக்கடியில், சுவரில் அந்த எட்டு அறிவும் படத்தோடு ஒட்டியிருக்கிறது, சொல்லித் தருகிற பெண் நல்லவள், நன்றாக ஆடத் தெரிந்தவள், பிள்ளைகளைப் பாட்டுப் பிள்ளைகள், படம் வரைகிற பிள்ளைகள், ஓடியாடுகிற பிள்ளைகள் என்று பிரித்து ஆளுக்கொரு விளையாட்டுக் கொடுக்கிறாள், முக்கால் மணி நேரத்தில் மணி அடித்துவிடுகிறது, அடுத்த வகுப்புக்காரர்கள் கராத்தே உடுப்பில் வாசலில் நிற்கிறார்கள். அவளுக்கு ஒரு பையனை மாதக்கணக்கில் தாளத்தில் உட்கார வைத்துக் காத்திருக்க யாரும் அவகாசம் தரவில்லை, ஆண்டு முடிவில் எல்லாப் பெற்றோருக்கும் தங்கள் பிள்ளை முன்வரிசையில் தெரிய வேண்டும். வாத்தியாரின் கூத்தில் முன்வரிசை என்று ஒன்று கிடையாது, பாட்டும் கணக்கும் உடம்பும் ஆளறிதலும் ஒரே ராத்திரிக்குள், ஒரே கதைக்குள் பின்னிக்கிடந்தன, ஒரு பையன் எந்தப் பக்கம் நுழைந்தாலும் மற்றவை அவனைத் தொட்டே தீரும், கண்ணாடி ஒட்டியவனுக்கும் பதினெட்டு நாள் பாரதமும் மனப்பாடம். பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தால் இந்தத் தொற்று நடக்காது, அதுதான் அங்கே எனக்குக் குறையாகப் பட்டது.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் பேசினேன், பையனுக்குக் கணக்குப் பிடிக்கும் என்பது ரேகையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும், படியேறும்போது எண்ணிக்கொண்டுதான் ஏறுவான், அவனைக் கொஞ்ச காலம் ஆட விடாமல் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துத் தாளம் கொடுக்க முடியுமா, தட்டுக்கழி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது சார், எங்க குருவோடது, வீட்டில் வைத்திருக்கிறேன், இங்கே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறோம் என்றாள், கொஞ்சம் யோசித்து, வியாழக்கிழமை கூட்டம் குறைவு, அன்றைக்குக் கொண்டு வருகிறேன், இன்னும் இரண்டு மூன்று பேரையும் உட்கார வைக்கலாம், அரைமண்டிக்குத் திணறுகிற ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்றாள். வீட்டில் மாப்பிள்ளை, எத்தனை மாசத்தில் தெரியும் மாமா, அவனுக்கு இது வருமா வராதா என்று கேட்டார், நியாயமான கேள்விதான், ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் மாப்பிள்ளை, அதுவரைக்கும் அபாகஸ் வேண்டாம், தகிட தகதிமி போதும் என்றேன், மகள் காலண்டரை எடுத்து வியாழக்கிழமைகளை வட்டம் போட ஆரம்பித்தாள்.